கண்டதும் காத்ததும்: ஓவியர் கொரோவின் முதுமைக் கலை

கண்ணை மூடிக்கொண்டு சொந்த ஊர் ஏரிக்கரையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஊரைவிட்டு வெகுதொலைவு வந்து படிக்கும் நம்மில் பலருக்கு இது கடினமான வேலை அன்று. கரை தோன்றும், தண்ணீர் தோன்றும், கரையில் ஒரு மரமும் தோன்றும். அந்த மரத்துக்கு எத்தனை கிளைகள் என்று யாரேனும் கேட்டால் விடை வராது. ஆனால் அது காலையா மாலையா, காற்று வீசியதா ஓய்ந்திருந்ததா, அங்கே நாம் மனம் நிறைந்து நின்றோமா என்பவற்றைத் தயங்காமல் சொல்லிவிடுவோம். நினைவு எண்ணிக்கையை நழுவவிடுகிறது. பொழுதையும் உணர்வையும் இறுகப் பற்றிக்கொள்கிறது.

நினைவின் இந்த இயல்பையே தம் தொழில்முறையாக ஆக்கிக்கொண்ட ஓவியர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் காமீல் கொரோ. ஆங்கில எழுத்தைப் பார்த்துக் ‘கோராட்’ என்று படித்துவிடக்கூடாது; பிரஞ்சு வழக்கில் அந்தக் கடைசி எழுத்து ஒலிப்பதில்லை. 1796ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரிஸ் நகரில் பிறந்து, 1875ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதே நகரில் மறைந்தவர். இயற்கைக் காட்சி ஓவியத்தில் பழைய மரபுக்கும் புதிய மரபுக்கும் இடையே பாலமாக நிற்பவர்.

கொரோவைப் பற்றி அறிஞரிடையே ஒரு வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. அவர் இளமையில் இத்தாலியில் வரைந்த சிறு ஓவியங்களே உயர்ந்தவை, முதுமையில் நினைவிலிருந்து வரைந்தவை வெறும் வெண்புகை மூட்டம் என்பர் ஒரு சாரார். அந்த முதுமை ஓவியங்களே கனிந்த கனிகள், முந்தியவை காய்கள் என்பர் மற்றொரு சாரார். வழக்கின் உட்பொருள் கொரோ ஒருவரைப் பற்றியது மட்டும் அன்று. நேரில் பார்த்து வரைவதுதான் உண்மையா, நினைவிலிருந்து வரைவதும் உண்மைதானா என்னும் கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. எழுத்திலோ இசையிலோ ஓவியத்திலோ ஈடுபாடுள்ள எந்த மாணவரும் ஒருநாள் சந்திக்க வேண்டிய கேள்வி அது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

கடையிலிருந்து கலைக்கு

கொரோவின் தாய் பாரிஸில் பெண்களுக்கான தொப்பி அலங்காரக் கடை வைத்திருந்தார். செல்வாக்கான கடை. தந்தையும் அந்த வாணிகத்திலேயே துணைநின்றார். மகனைத் துணி வணிகரிடம் தொழில் பழக அனுப்பினார்கள். சில ஆண்டுகள் அங்கே காலம் கழித்தும் மகனுக்கு வாணிகம் பிடிபடவில்லை. 1822ஆம் ஆண்டில், 26 வயதில், ஓவியம்தான் என் வழி என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்திய ஆண்டில் அவருடைய தங்கை இறந்திருந்தாள். அவளுக்கென்று ஒதுக்கியிருந்த ஆண்டுக்கு 1500 பிராங்குத் தொகையைப் பெற்றோர் மகனுக்குக் கொடுக்க இசைந்தனர். பெருந்தொகை அன்று, ஆனால் பசியில்லாமல் வாழப் போதும். ஓவியத்தை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இல்லாமற்போனது. தம் போக்கில், யாருக்கும் அவசரப்படாமல், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் உழைக்க முடிந்ததற்கு இந்தச் சிறு தொகை அடிப்படை என்பதை மறக்கலாகாது.

முதல் ஆசிரியர் மிஷலோன் என்பவர், மாணவரைவிடச் சில திங்கள் இளையவர்! 1817இல் வரலாற்று இயற்கைக் காட்சிக்கென்று முதன்முதலாக ஏற்பட்ட ரோமாபுரிப் பரிசை வென்றவர். கொரோ அவரிடம் சேர்ந்த அதே 1822ஆம் ஆண்டில், 25 வயதிலேயே அவர் இறந்துவிட்டார். பிறகு கொரோ பெர்த்தேன் என்பவரிடம் பயின்றார். இருவருமே வலான்சியேன் என்னும் பேராசிரியரின் வழிவந்தவர்கள். 1800இல் வெளியான வலான்சியேனின் நூல் இயற்கைக் காட்சி ஓவியருக்கு இலக்கணம் போன்றது.

அந்த மரபு ஓவியரின் வேலையை இரண்டாகப் பிரித்தது. முதல் வேலை வெளியிடத்தில். வெயில் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு காட்சியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரையாதே. சூரியன் எழும்போதும் விழும்போதும் அரை மணி நேரத்தில் முடித்துவிடு என்றார் வலான்சியேன். இப்படி வரைபவை குறிப்போவியங்கள். அவை பயிற்சிக்கும் பார்வைக்கும் உரியவை. கண்காட்சிக்கு உரியவை அல்ல. இரண்டாம் வேலை பணிக்கூடத்தில். அங்கே குறிப்புகளையும் கற்பனையையும் சேர்த்து, பழங்கதை மாந்தரையும் இட்டு, நிறைவான பேரோவியம் ஒன்றைக் கட்ட வேண்டும். பார்த்தல் ஒன்று, கட்டுதல் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை எப்படித் தாண்டுவது என்பதே கொரோவின் வாழ்நாள் வேலையாயிற்று.

நார்னிப் பாலம் இரண்டு

1825இன் இறுதியில் கொரோ இத்தாலிக்குச் சென்றார். 1828 வரை அங்கே தங்கினார். ரோமாபுரியில் பர்னேசே தோட்டம் என்று ஒரு மேட்டுத் தோட்டம் உண்டு. 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோ அங்கே நாள்தோறும் சென்றார். காலையில் ஒரு திசையைப் பார்த்து ஓர் ஓவியம், நண்பகலில் வேறு திசையில் இன்னொன்று, மாலையில் மூன்றாவது. மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் அதே ஓவியத்தைத் தொடர்ந்தார். சிறிய தாளில் எழுதிய அந்த எண்ணெய் வண்ண ஓவியங்களில் கதை இல்லை, தேவர் இல்லை, சுவரின் மேல் விழுந்த வெயிலும் அதன் நிழலும் மட்டுமே உண்டு.

அதே ஆண்டில் நார்னி என்னும் ஊரில், ஆற்றின் குறுக்கே இடிந்து நின்ற பழைய ரோமானியப் பாலத்தை வரைந்தார். அந்தக் குறிப்போவியம் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆற்றுப் படுகையின் மண்ணும் கல்லும் அகன்ற தூரிகைக் கோடுகளில் அப்படியே கிடக்கின்றன. எந்த இடத்திலும் திருத்தம் செய்து அழகுபடுத்திய தடம் இல்லை.

அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு பணிக்கூடத்தில் ஒரு பெரிய ஓவியம் தீட்டினார். ‘சலோன்’ என்னும் பாரிஸ் பெருங்கண்காட்சிக்கு 1827இல் அதை அனுப்பினார். அது இப்போது கனடா நாட்டின் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. அதில் முன்புறம் ஒழுங்கான மேடுபோல் ஆகிவிட்டது, பாதை வந்துவிட்டது, ஓரத்தில் குடைபோன்ற பைன் மரங்கள் முளைத்துவிட்டன, மேய்ப்பரும் கால்நடையும் வந்து சேர்ந்துவிட்டார்கள். நல்ல ஓவியம்தான். ஆனால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதலாவதில் இருந்த காற்று இரண்டாவதில் குறைந்திருப்பதை ஓவியம் அறியாதவரும் உணர்வர். பார்த்தபோது கிடைத்தது, கட்டும்போது கைநழுவிப் போயிற்று.

கொரோ இதை உணர்ந்திருக்க வேண்டும். முதலில் நெஞ்சைத் தொட்ட உணர்வை ஓவியம் முடியும் வரை இழந்துவிடக்கூடாது என்பதைப் பிற்காலத்தில் அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். அதைக் காப்பாற்றும் வழி என்ன?

குறிப்பேட்டில் வட்டமும் சதுரமும்

இத்தாலியிலிருந்து திரும்பியபின் கொரோவின் ஆண்டு இரண்டாகப் பிரிந்தது. கோடையிலும் வசந்தத்திலும் ஊர் ஊராகச் சுற்றுவார். நார்மண்டி, பிரித்தானி, போந்தேன்புளோ காடு என்று அலைவார். பாரிஸுக்கு அருகே வீல் தாவ்ரே என்னும் ஊரில் தந்தை 1817இல் வாங்கிய வீடு இருந்தது. அங்குள்ள குளங்களை அவர் வாழ்நாள் முழுதும் வரைந்தார். 1834இலும் 1843இலும் மீண்டும் இத்தாலிக்குப் போய்வந்தார். குளிர்காலம் வந்தால் பாரிஸில் பணிக்கூடம்.

சுற்றும்போது சட்டைப்பையில் சிறு குறிப்பேடு இருக்கும். அந்த ஏடுகளில் அவர் கையாண்ட முறை எளியது. காட்சியில் மிகுந்த ஒளி உள்ள இடத்தில் ஒரு வட்டம் போடுவார். மிகுந்த இருள் உள்ள இடத்தில் ஒரு சதுரம் போடுவார். மரத்தின் பெயரோ இலையின் வடிவோ அவருக்கு முதன்மையானவை அல்ல. எது எதைவிட இருண்டது, எது எதைவிட வெளிறியது என்பதே முதன்மை. வீட்டுக்கு வந்தபின் அந்த வட்டமும் சதுரமும் காட்சி முழுவதையும் மீட்டுத் தந்துவிடும். ஸ்வரக் குறிப்பைப் பார்த்ததும் பாடகருக்கு முழுப் பாட்டும் காதில் ஒலிப்பது போன்றது இது.

இருளிலிருந்து ஒளிக்குப் போகும் இந்தப் படிவரிசையை ஓவியர்கள் மிகவும் மதிப்பர். ஆழ்ந்த நிழலில் தொடங்கி, உச்ச ஒளி வரை ஏறத்தாழ இருபது படிகளை வைத்துக்கொண்டு, அவற்றை ஒழுங்காக ஏறிச்செல்ல வேண்டும் என்பது கொரோவின் போதனை. வடிவமும் ஒளிப்படியும் முன்னே. வண்ணம் அதற்குப் பின்னே. ஒளிப்படிகள் சரியாக அமைந்தால் வண்ணம் குறைவாக இருந்தாலும் ஓவியம் நிற்கும்; அவை தவறினால் எத்தனை வண்ணம் பூசினாலும் நிற்காது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நினைவு எதை எளிதில் காக்கும் என்பதை அறிந்து, அதையே அவர் குறித்துக்கொண்டார். ஆயிரம் இலைகளை யாராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் நீரைவிட வானம் ஒரு படி வெளிறியிருந்தது, வானத்தைவிட மரம் பத்துப் படி இருண்டிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள முடியும்.

‘நினைவு’ என்னும் தலைப்பு

1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொரோவின் ஓவியம் மாறத் தொடங்கியது. தெளிந்த வெயில் குறைந்தது. விடியலும் அந்தியும் மிகுந்தன. கல்லின் உறுதி போய், காற்றில் ஆடும் மெல்லிய இலைத்திரள் வந்தது. எல்லா வண்ணங்களிலும் ஈய வெள்ளை கலந்து, படம் முழுவதும் வெள்ளி போன்ற சாம்பல் நிறம் பரவியது. அந்தச் சாம்பலின் நடுவே எங்கேனும் ஒரு படகோட்டியின் தலையில் சிறு சிவப்புப் புள்ளி தெரியும். கண் அங்கே ஒரு கணம் தங்கிவிட்டு மீண்டும் மூடுபனிக்குள் போகும்.

இத்தகைய ஓவியங்கள் பலவற்றுக்கு அவர் ‘சுவனீர்’ என்று தலைப்பிட்டார். இன்று அந்தச் சொல் சுற்றுலாக் கடைகளில் விற்கும் நினைவுப்பொருளைக் குறிப்பதாக நமக்குப் பழகியிருக்கிறது. பிரஞ்சு மொழியில் அதன் முதற்பொருள் ‘நினைவு’ என்பதே. 1855ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவர் வைத்த ‘மார்க்கூசியின் நினைவு’ என்னும் ஓவியத்தைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வாங்கினார். 1864ஆம் ஆண்டுச் சலோனில் வைத்த ‘மோர்த்தபோந்தேனின் நினைவு’ என்னும் ஓவியமும் அரசின் கைக்குச் சென்று, போந்தேன்புளோ அரண்மனையில் இடம்பெற்றது. 1889 முதல் லூவரில் இருக்கிறது. இந்த இரண்டாவது ஓவியத்தைச் சற்று நின்று பார்ப்போம்.

அளவில் பெரியது அன்று, 65 செ.மீ. உயரம், 89 செ.மீ. அகலம். பாரிஸுக்கு வடக்கே உள்ள மோர்த்தபோந்தேன் என்னும் சிற்றூரில் குளங்கள் நிறைந்த பெரிய பூங்கா ஒன்று உண்டு. கொரோ முன்பு அங்கே சென்றிருந்தார். படத்தின் வலப்புறத்திலிருந்து ஒரு பெருமரம் எழுந்து, இடப்பக்கமாகச் சாய்ந்து, வானத்தின் பெரும்பகுதியைத் தன் இலைத்திரளால் மூடுகிறது. இடப்புறத்தில் அதற்கு எதிரே ஒரு மெலிந்த மரம். ஏறத்தாழ மொட்டை மரம். அதன் அருகே ஒரு பெண் கைகளை உயர்த்திக் கிளையிலிருந்து எதையோ பறிக்கிறாள். அவளோடு இரண்டு குழந்தைகள். பின்னால் அசைவற்ற நீர். நீருக்கு அப்பால் கரை மங்கித் தெரிகிறது. கரை எங்கே முடிகிறது, அதன் நிழல் நீரில் எங்கே தொடங்குகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு மோர்த்தபோந்தேனுக்குப் போய் அந்த மரம் எங்கே என்று தேடினால் ஏமாந்துபோவோம். குளத்தின் வரைபடத்தைத் தருவது அவர் நோக்கம் அன்று. அந்தக் குளக்கரையில் ஒரு பொழுது நின்றவனிடம் பல ஆண்டுகளுக்குப்பின் எது எஞ்சியிருக்குமோ, அதையே தந்திருக்கிறார். படத்தின் அமைப்பைக் கவனியுங்கள். பெருமரத்தின் சாய்வு நம் கண்ணை இடப்பக்கம் தள்ளுகிறது. மெலிந்த மரமும் உயர்ந்த கைகளும் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. நடுவே இருக்கும் வெளிறிய நீரில் கண் வந்து தங்குகிறது. பழைய ஆசிரியர்கள் கற்பித்த கட்டமைப்பு இங்கே இருக்கிறது. வெளியிடத்தில் பெற்ற ஒளிப்படிகளும் இருக்கின்றன. நார்னியில் பிரிந்து நின்ற பார்த்தலும் கட்டுதலும் முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின் இந்தக் குளக்கரையில் ஒன்றாகிவிட்டன.

நம் இலக்கண ஆசிரியர்கள் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுத்ததை நாம் அறிவோம். நிலமும் பொழுதும் முதல். மரமும் விலங்கும் தொழிலும் கரு. நெஞ்சின் ஒழுக்கம் உரி. கொரோவுக்கு இந்த இலக்கணம் தெரியாது. ஆயினும் தமிழ் படித்தவர்க்கு அவர் ஓவியத்துள் நுழைய இது நல்ல வாயிலாகும். நார்னிக் குறிப்பில் முதலும் கருவும் நிறைந்திருக்கின்றன. மோர்த்தபோந்தேனில் அவை இரண்டும் உரிப்பொருளுக்கு இடம்விட்டுப் பின்னே நிற்கின்றன.

நினைவுக்கும் பயிற்சி உண்டு

நினைவிலிருந்து வரைதல் என்றால் மனம்போன போக்கில் வரைதல் என்று சிலர் எண்ணுவர். அக்காலப் பிரான்சில் நினைவைத் திட்டமிட்டுப் பயிற்றிய ஆசிரியரும் இருந்தார். பாரிஸ் ஓவியப்பள்ளி ஒன்றில் கற்பித்த லெக்கோக் த புவாபோத்ரான் என்பவர் 1848இல் இதைப்பற்றி ஒரு நூலே வெளியிட்டார். எளிய வடிவங்களைப் பார்த்து மனத்தில் பதியவைத்துப் பின்னர் பார்க்காமல் வரைவதில் மாணவர்களைத் தொடங்கச் செய்வார். படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துச் செல்வார். சிற்பி ரொதேனும் ஓவியர் பான்தேன் லத்தூரும் அவரிடம் பயின்றவர்கள்.

கொரோ அந்தப் பள்ளியில் பயின்றவர் அல்லர். ஆனால் முப்பது ஆண்டுக் கோடைகளே அவருக்குப் பள்ளியாக இருந்தன. ஊர்சுற்றித் திரும்பியபின் இயற்கையைத் தம் வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்துச் சில நாள் தங்கவைத்துக்கொள்வதாக அவர் வேடிக்கையாகச் சொல்வாராம். விருந்தாளி வர வேண்டுமானால் முன்பே பழக்கம் இருக்க வேண்டும் அல்லவா?

வேறு சில துணைகளும் அவருக்கு இருந்தன. இசை நிகழ்ச்சிகளுக்கும் நாடக அரங்குக்கும் விடாமல் செல்பவர் அவர். ஒரே சாம்பல் நிறத்தின் பல படிகளைக்கொண்டு ஒரு முழு ஓவியத்தை நடத்திச்செல்லும் துணிவு, ஒரு ராகத்தின் எல்லைக்குள்ளேயே நெடுநேரம் உலவும் இசைவாணரின் துணிவை நினைவூட்டுகிறது.

இரண்டாவது துணை, அப்போது புதிதாகப் பிறந்திருந்த நிழற்படக் கலை. 1853இல் ஆராஸ் என்னும் ஊரில் நண்பர்கள் அவருக்கு ஒரு புது முறையைக் காட்டினர். ஒளி புகாதபடி பூச்சிட்ட கண்ணாடித் தகட்டில் ஊசியால் கீறி வரைய வேண்டும். அந்தத் தகட்டை நிழற்படத் தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டினால் கீறிய கோடுகள் தாளில் கறுப்பாக விழும். இம்முறையில் அவர் 60க்கு மேற்பட்ட படங்கள் செய்தார். பெரும்பாலும் நினைவிலிருந்தும் கற்பனையிலிருந்தும் விரைந்து கீறியவை. அக்கால நிழற்படக் கருவி ஒளியை மெதுவாகவே வாங்கும். அதனால் காற்றில் அசையும் இலைகள் படத்தில் கலங்கித் தெரியும். கொரோவின் இலைத்திரள் கலங்கலாக ஆனதற்கு அத்தகைய நிழற்படங்களைப் பார்த்த பழக்கமும் ஒரு காரணம் என்பர் ஆராய்ச்சியாளர் சிலர்.

எதிர்க்கட்சியின் வாதம்

இதுவரை கொரோவின் பக்கம் பேசினோம். எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பதுதான் முறை.

ஐம்பது வயது வரை கொரோவின் ஓவியங்களை வாங்குவோர் அரியர். 1846இல் அரசு அவருக்கு லெஜியன் விருது அளித்தபோதுதான், மகன் ஏதோ உருப்படியான வேலை செய்கிறான் என்ற எண்ணம் தந்தைக்கு ஏற்பட்டது என்பர். 1855க்குப்பின் நிலைமை தலைகீழாக மாறியது. வெள்ளிச் சாம்பல் குளமும், ஒரு பக்கம் சாய்ந்த மரமும், ஒரு படகும், ஒரு சிவப்புத் தொப்பியும் உள்ள ஓவியம் வேண்டும் என்று வாணிகர் வரிசையில் நின்றனர். கொரோ மறுக்கவில்லை, எழுதி எழுதிக் கொடுத்தார். 1905இல் வெளியான அவருடைய ஓவியப் பட்டியலில் 2400க்கு மேற்பட்ட ஓவியங்கள் இடம்பெற்றுள்ளன.

இத்தனையும் மோர்த்தபோந்தேனுக்கு நிகர் என்று எப்படிச் சொல்வது? பலவற்றில் நினைவு வெறும் வழக்கமாகிவிட்டது. கண்ட குளத்தின் நினைவாக இல்லாமல், முன்பு வரைந்த படத்தின் நினைவாகவே அவை இருக்கின்றன. இதற்கு ஒரு சான்று போலி ஓவியங்கள். கொரோவின் பெயரால் உலகெங்கும் உலவிய போலிகள் கணக்கற்றவை. அவர் வரைந்தவற்றைவிட அமெரிக்காவில் உள்ளவை மிகுதி என்று வேடிக்கை வழங்கும் அளவுக்குப் பெருகின. பிரஞ்சு எழுத்தாளர் இளைய அலெக்சாந்தர் தூமா விலைகொடுத்து வாங்கிய ஒரு ‘கொரோ’ உண்மையில் துரூயிபேர் என்னும் வேறோர் ஓவியர் வரைந்தது என்பது 1883இல் வெளிப்பட்டுப் பெரும் பரபரப்பாயிற்று. நார்னிக் குறிப்பைப் போலி செய்ய அந்த ஆற்றங்கரையில் அந்த வெயிலில் நிற்க வேண்டும். வழக்கமாகிப்போன சாம்பல் குளத்தைப் போலி செய்ய இன்னொரு சாம்பல் குளத்தைப் பார்த்தால் போதும்.

ஆகவே எதிர்க்கட்சியின் வாதத்தில் உண்மை இருக்கிறது. நினைவு ஒரு கிணறு போன்றது. ஊற்று இருக்கும்வரை இறைக்க இறைக்கச் சுரக்கும். ஊற்று தூர்ந்தால், இறைத்த நீரையே திரும்ப ஊற்றி இறைப்பதுதான் மிஞ்சும்.

முதியவர் மீண்டும் ஜன்னலருகே

கொரோ இந்த அபாயத்தை அறிந்திருந்தாரா? அவர் சொல்லிலிருந்து தேடுவதைவிடச் செயலிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

1871ஆம் ஆண்டு வசந்தத்தில் பாரிஸ் நகரம் கம்யூன் கிளர்ச்சியில் கொந்தளித்தது. 74 வயது முதியவர் வடக்கே துவே என்னும் ஊரில் நண்பர் இல்லத்தில் தங்கினார். அங்கே ஒரு மாடி ஜன்னலருகே அமர்ந்து, எதிரே தெரிந்த தெருவையும் அதன் முடிவில் எழுந்த மணிக்கூண்டையும் வரைந்தார். ‘துவே மணிக்கூண்டு’ என்னும் அந்த ஓவியம் இன்று லூவரில் உள்ளது. மூடுபனி இல்லை. வீட்டுச் சுவர்களும் கூரைகளும் அவ்வவற்றுக்குரிய ஒளிப்படியில் உறுதியாக நிற்கின்றன. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குமுன் பர்னேசே தோட்டத்தில் இருந்த இளைஞரின் கண் மங்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. சாவதற்கு முந்திய ஆண்டான 1874இல், சான்ஸ் நகரப் பெருங்கோயிலின் உட்புறத்தை நேரில் இருந்து வரைந்தார். அதே ஆண்டில் ‘நீல உடைப் பெண்’ என்னும் உருவ ஓவியத்தையும் தீட்டினார்.

இன்னொரு செயலும் பேசுகிறது. தம் ஓவியங்களுள் லூவருக்கென்று அவர் உயில் எழுதி வைத்தவை, 1826இல் பர்னேசே தோட்டத்திலிருந்து வரைந்த இரண்டு சிறு ஓவியங்கள். நினைவோவியங்களால் புகழும் பொருளும் பெற்றவர், அந்த நினைவுக்கு முதலீடாக நின்ற கண்பார்வையையே நாட்டுக்குக் கொடையாக விட்டுச்சென்றார்.

பொருளைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வந்த பணத்தை அவர் பூட்டிவைக்கவில்லை. பாரிஸ் முற்றுகையின்போது ஏழைகளுக்காக 20,000 பிராங்கு கொடுத்தார். கண்பார்வை குன்றி வறுமையுற்ற ஓவியர் தோமியேவுக்கு ஒரு வீடு கிடைக்கச் செய்தார். ஓவியர் மிய்யே 1875 ஜனவரியில் இறந்தபோது அவர் மனைவிக்கு 10,000 பிராங்கு உதவினார். அடுத்த திங்களில் அவரும் மறைந்தார்.

பின்வந்தோர்

பிஸ்ஸாரோ 1860களில் சலோன் பட்டியலில் தம்மைக் கொரோவின் மாணவர் என்றே குறிப்பிட்டுக்கொண்டார். பெர்த் மொரிஸோவும் அவர் தமக்கையும் கொரோவிடம் நேரில் பயின்றனர். இவர்கள் வழியிலும் மோனே வழியிலும் வளர்ந்த புதிய இயக்கம், ஓவியத்தை வெளியிடத்திலேயே தொடங்கி அங்கேயே முடிக்க முயன்றது. கொரோ குறிப்பு என்று பெட்டிக்குள் வைத்திருந்ததை, இவர்கள் முழு ஓவியம் என்று சட்டமிட்டு மாட்டினார்கள். அவருடைய இளமை ஓவியங்களுக்கு இன்று இவ்வளவு மதிப்பு வந்ததற்கு இந்த மாற்றமே காரணம். ஆனால் ஒரு வியப்பு: அந்த மோனேயும் முதுமையில் தம் தோட்டத்து அல்லிக் குளத்தைப் பேரோவியங்களாகத் தீட்டியபோது, பணிக்கூடத்துக்குள்தான் நெடுங்காலம் உழைத்தார். குளம் பக்கத்திலேயே இருந்தது. ஆயினும் தூரிகைக்கு முன்னே நின்றது நினைவு.

நாம் செய்து பார்க்கலாம்

தொடக்கத்தில் எழுப்பிய வழக்குக்கு இப்போது தீர்ப்புக் கூறலாம். நேரில் பார்ப்பதற்கும் நினைவிலிருந்து படைப்பதற்கும் பகை இல்லை. பார்த்தலின் மறுபாதியே நினைவு. பாராதவனுக்கு நினைவு இல்லை. பார்த்ததைத் தேறவிடாதவனுக்குக் கலை இல்லை. தேறிய நினைவிலேயே குடியிருந்துவிட்டால் அதுவும் வற்றிவிடும். இடையிடையே ஜன்னலருகே போய் அமர வேண்டும். கொரோவின் வாழ்க்கை இந்த மூன்றையும் ஒருசேரக் காட்டுகிறது.

படிப்பதோடு நில்லாமல் ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். நாளைக் காலை விடுதி வாசலில் உள்ள ஏதேனும் ஒரு மரத்தின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். கண்ணைச் சற்றே இடுக்கிக்கொண்டு, மிக வெளிறிய இடம் எது, மிக இருண்ட இடம் எது என்று மட்டும் பாருங்கள். ஒரு தாளில் வட்டமும் சதுரமும் இடுங்கள். அறைக்குத் திரும்பி, ஒரு வாரம் கழித்து, அந்தத் தாளை வைத்துக்கொண்டு மரத்தை வரையுங்கள். வரைய வராதவர்கள் பத்து வரி எழுதுங்கள். பிறகு போய் ஒப்பிட்டுப் பாருங்கள். விட்டுப்போனவை எவை, தங்கியவை எவை என்பது தெரியும். தங்கியவையே உங்களுடையவை.

இதை ஒருமுறை செய்தபின், விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஏரிக்கரையை முன்போலப் பார்க்க மாட்டீர்கள். இத்தனை ஆண்டுகள் அதன் கரையில் நடந்தும் ஒருநாள்கூட நின்று பார்க்கவில்லையே என்று தோன்றும். நின்று பாருங்கள். திரும்பி வந்தபின் நினைத்துக்கொள்ள ஏதேனும் வேண்டும் அல்லவா?